செல்வம் சைபர் போட்ட கேள்விகள்

2025 நவம்பர் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு இன்றோடு எழுபத்தெட்டு வயதும் நான்கு மாதமும் ஆறு நாளும் ஆகின்றன.

வாஞ்சை குறையாத, கோபமும் குறையாத என் மச்சானுக்கு,

நீங்கள் எங்கும் இல்லை என்பது எனக்குத் தெரியும். விலங்கியல் படித்து, முப்பது வருடம் அதைப் பெண்கள் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தவள் நான். இறந்த உடலுக்கு என்ன ஆகிறது என்பதில் எனக்கு எந்த மயக்கமும் கிடையாது. ஆனாலும் எழுதுகிறேன். இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் உயிரோடிருக்கும் ஆண்கள் எல்லோருக்கும் திடீரென்று வெளியே ஏதோ சோலி வந்துவிடுகிறது. நீங்கள் ஒருவர்தான் எழுந்து போக முடியாதவர்.

நம் மகன் செல்வம் உள்ளே படுத்திருக்கிறான். தேனியில் ஒரு மருத்துவமனை. நான் வெளியே வராந்தாவில், இரும்பு நாற்காலியில். அவன் கட்டிலின் ஓரத்தில் ஒரு பை தொங்குகிறது. அதில் இறங்குவதை நர்ஸுப் பெண் அளந்து அளந்து எழுதுகிறாள். புராஸ்டேட் சுரப்பி பெருத்து வழியை அடைக்க, சிறுநீர் பின்னோக்கி ஏறி, இரண்டு சிறுநீரகங்களையும் வீங்க வைத்துவிட்டது. அவை மறுபடி வேலை செய்யுமா, இல்லை மிச்ச வாழ்நாள் முழுக்க இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்தபடி கிடப்பானா என்று யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கு வயது ஐம்பத்து மூன்று.

அந்த இயந்திரத்தின் சத்தம் உங்களுக்குத் தெரியும். மதுரையில் அதன் பக்கத்தில்தான் உங்களுடைய கடைசி வருடம் கழிந்தது.

உங்கள் விஷயத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. இவனிடம் கேட்டார்கள் மச்சான். முறையாக, மரியாதையாக, அச்சடித்த தாளில் கேட்டார்கள். கேட்டும் இப்படி ஆயிற்றே என்பதுதான் என்னைத் தின்கிறது.

போடியில் நாம் வழக்கமாகப் போகிற டாக்டரின் இடத்தில் இப்போது அவருடைய மகள் உட்காருகிறாள். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண் எவன் வந்தாலும், காய்ச்சலோ முழங்கால் வலியோ, அவன் கையில் ஒற்றைத் தாளும் பேனாவும் கொடுத்து அனுப்புகிறாள். கடந்த ஒரு மாதத்தைப் பற்றி ஏழு கேள்விகள். சிறுநீர் கழித்த பிறகும் முழுதாகக் கழியாத உணர்வு உண்டா? இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருந்ததா? விட்டுவிட்டு வந்ததா? அடக்குவது சிரமமாக இருந்ததா? வேகம் குறைந்ததா? முக்க வேண்டியிருந்ததா? இரவு படுத்த பிறகு எத்தனை முறை எழுந்தீர்கள்? ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். கூட்டிப் பார்த்து ஏழு வரை லேசு, பத்தொன்பது வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை என்பார்கள். எட்டாவதாக ஒரு கேள்வி தனியே நிற்கும்: இனி வாழ்நாள் முழுவதும் இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு அதன் மேல் மதிப்பு வந்தது. எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! கேட்கிறவருக்கு முகமில்லை. பதில் சொல்கிறவன் வாயைத் திறக்க வேண்டாம், கண்ணைப் பார்க்க வேண்டாம், ஒரு டிக் அடித்தால் போதும். உங்கள் காலத்தில் இப்படி ஒரு தாள் உங்கள் கைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பேனாவை மட்டும் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஆவணி மாதம் செல்வம் அங்கே போனான், சளி என்று. நானும் என்னுடைய ரத்த அழுத்த மாத்திரைக்காகக் கூடப் போயிருந்தேன். தாளை ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து நிரப்ப வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். பாவம், வெளியூரில் படித்தவள். நம் ஊரில் எந்த ஆண் எந்தத் தாளைத் தனியாக நிரப்பியிருக்கிறான்? வங்கிச் சலான் என்றாலும் பெஞ்சில் நான்கு பேர் கூடித்தான்.

ஜீப்பு ஓட்டுகிற கருப்பையா உரக்கப் படித்தான். “ஏண்ணே, இருந்து முடிச்சப்புறமும் மிச்சம் இருக்கிற மாதிரி இருக்கான்னு கேக்குறாக. மிச்சம் வைக்க அது என்ன சோறா?” ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர், கண்ணாடி கொண்டுவராதவர், அவனுக்கு யோசனை சொன்னார்: “எல்லாத்துக்கும் சைபரப் போடு மாப்ளே. சைபர் போட்டாத்தான் வெரசா விடுவாக.” எட்டாவது கேள்விக்கு வந்ததும் கருப்பையா கொஞ்சம் நிதானித்தான். வாழ்நாள் முழுக்க இருந்தாலே சந்தோசந்தானே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று சொல்லி, ‘மகிழ்ச்சி’க்கு டிக் அடித்தான். பெஞ்சு முழுவதும் அதையே அடித்தது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன்.

செல்வம் அவர்களோடு சேரவில்லை. ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்து, பரீட்சை எழுதுகிறவனைப் போல ஒவ்வொரு வரியையும் படித்து எழுதினான். மொத்தம் மூன்று. லேசு. அந்தப் பெண் அப்போதும், எதற்கும் ஒரு ஸ்கேன் பார்த்துவிடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். சீட்டு ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே போனது, செல்வம் மலையிலுள்ள நம் ஏலத்தோட்டத்துக்குப் போனான். நான் மூன்று என்ற எண்ணை நம்பி நிம்மதியாகத் தூங்கினேன்.

அவன் பொய் எழுதவில்லை மச்சான். பெஞ்சிலிருந்தவர்களைப் போல விளையாட்டுக்கும் எழுதவில்லை. எழுதியது அத்தனையும் உண்மை. எப்படி உண்மை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இரவு படுத்த பிறகு எத்தனை முறை எழுந்தீர்கள் என்ற கேள்விக்குச் சைபர். ஏனென்றால் அது ஏலக்காய் எடுக்கும் காலம். பச்சைக் காயை உலர்த்துகிற ஸ்டோரில், உலைக்கு விறகு வைத்துக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருக்கிறவன் அவன். சூடு கொஞ்சம் ஏறினாலும் காயின் பச்சை போய்விடும் என்று ஆள் வைத்தும் நம்பாமல் தானே காவல் இருப்பான். உங்களிடம் கற்றதுதான். படுக்காதவன் எங்கிருந்து எழுவது?

அடக்குவது சிரமமாக இருந்ததா? சைபர். ஏலத்தோட்டத்தில் எதற்கு அடக்க வேண்டும், நான்கு எட்டு வைத்தால் செடி மறைவு. இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போனீர்களா? ஒன்று. ஜீப்பில் ஏறுகிறவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. மேலே போனாலும் பால் இல்லாத கட்டன் சாயா ஒரு கிளாஸ், அவ்வளவுதான். வேகம் குறைந்ததா? சைபர். எதைவிடக் குறைந்ததா என்று தாளில் இல்லை. கடந்த ஒரு மாதம் என்று போட்டிருந்தது. போன மாதமும் இந்த மாதமும் அவனுக்கு ஒரே சொட்டுத்தான். வேகமாகப் போன காலம் அவனுக்கு மறந்தே போயிருந்தது.

அந்தத் தாளைத் தயாரித்தவர்கள் கெட்டிக்காரர்கள். இரவில் கட்டிலில் படுத்து, தாகத்துக்குத் தண்ணீர் குடித்து, கதவுள்ள கழிப்பறைக்குப் போகிற மனிதனை மனத்தில் வைத்துத் தயாரித்திருக்கிறார்கள். போடிமெட்டுக்கு மேலே ஆறு மாதம் அப்படி ஒரு மனிதன் கிடையாது.

தீபாவளிக்கு அவன் இறங்கி வந்தபோது செருப்பின் வார் காலில் பதிந்திருந்தது. பலகாரத்தைத் தொடவில்லை. உங்கள் மருமகள் மல்லிகா அடுப்படிக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அத்தை, அவுக வேட்டிய நனைச்சு நனைச்சுப் போடுறாக. கேட்டா மழைங்கிறாக. எந்த மழை வேட்டிய மட்டும் நனைக்குது?” என்றாள். நான் அவனுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் குனிந்தேன். அவன் மூச்சில் சிறுநீர் வாடை இருந்தது. உங்கள் மூச்சில் இருந்த அதே வாடை.

ரத்தம் எடுக்கச் சம்மதிக்க வைக்கவே பண்டிகை கழிந்து இரண்டு வாரம் பிடித்தது. முடிவு வந்த அன்று டாக்டர் பெண் அவனையே கூப்பிட்டுப் பேசினாள்: இன்றைக்கே தேனிக்குப் போங்கள், டியூப் போட்டு நீரை இறக்கியாக வேண்டும், அப்புறம் ஆபரேஷன். அவன் தலையை ஆட்டினான். வீடு வந்ததும், சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனவன், பின்வாசல் வழியாக ஜீப்பு ஏறி மலைக்குப் போய்விட்டான். மேட்டில் ஏறியதும் மல்லிகாவுக்குப் போனில் சொல்லியிருக்கிறான்: “இந்த எடுப்பு முடியட்டும். முடிஞ்சதும் வர்றேன்.”

இது உங்கள் வாக்கியம். ஒரு சொல் கூட மாறவில்லை. தோட்டத்தைப் பிள்ளைக்கு எழுதிவைத்தீர்கள், சரி. இந்த வாக்கியத்தையும் சேர்த்தா எழுதிவைத்தீர்கள்?

ஒரு நாள் முழுக்க அவனுக்குப் போன் செய்தோம். எடுக்கவில்லை. வியாழக்கிழமை காலை நான் கருப்பையாவின் ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் போனேன். அவன் தலைத்துண்டை எடுத்துவிட்டு எழுந்து நின்றான்.

“டீச்சரம்மா, மேலயா? உங்களுக்கு எதுக்கு இந்தச் சோலி? நான் போய் அண்ணனைக் கூட்டியாறேன்.”

“அவன் நீ கூப்பிட்டா ஏறுவானா?”

கொஞ்சம் யோசித்து, “மாட்டாரு” என்றான்.

“அப்ப வண்டிய எடு.”

நீங்கள் கட்டிய ஸ்டோரில், உலை வாய்க்கு முன்னால், கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான் உங்கள் மகன். முகம் உப்பி, கண்கள் இடுங்கிப்போயிருந்தன. தட்டுகளில் காய் பாதி காய்ந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் பயந்தான், பிறகு கோபப்பட்டான், அதன் பிறகு, யார் செத்துப்போனது என்று கேட்டான். இன்னும் யாரும் சாகவில்லை, அதற்காகத்தான் வந்தேன் என்றேன்.

வேலையாட்களை வெளியே அனுப்பிவிட்டு, அந்த ஏழு கேள்விகளையும் அவனிடம் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஏன் அந்த எண் என்று எரிச்சலோடு விளக்கினான். மேலே நான் எழுதியது எல்லாம் அப்போது அவன் சொன்னதுதான். அதனால் கேள்வியை மாற்றினேன். “உலைக்கு ஒரு தரம் விறகு வச்சுட்டு, அடுத்து வைக்கிறதுக்குள்ள எத்தனை தரம் வெளிய போற?” என்றேன். உலைக் கதவைத் திறந்து பார்த்தான். “போனா, எவ்வளவு நேரம் நிக்கிற?”

“அம்மா, இதெல்லாம் பெத்தவகிட்டப் பேசுற பேச்சா?” என்றான் கடைசியில்.

“பெத்தவ கழுவாத எடம் எதுடா உன் ஒடம்புல?”

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. விறகை உள்ளே தள்ளினான்.

நான் உலையோரத்திலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தேன். வெள்ளையடித்த சுவரில் நான்கு கோடுகள் வரைந்தேன். முதல் கோடு தோட்டத்துக் குழாயிலிருந்து பாய்கிற தண்ணீர் போல வளைந்து தூரத்தில் விழுந்தது. இரண்டாவது கொஞ்சம் கிட்டத்தில். மூன்றாவது கால்மாட்டில். நான்காவது கோடே இல்லை, வெறும் சொட்டுகள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சில இடங்களில் படத்தைக் காட்டித்தான் கேட்கிறார்கள் என்று எங்கோ வாசித்திருந்தேன். என் மகனுக்கு எழுத்து நன்றாகவே தெரியும், சொல்லத்தான் தெரியவில்லை. முப்பது வருடம் கரும்பலகையில் தவளையின் சிறுநீரகத்தை வரைந்த கை, அதனால் நடுங்காமல் வரைந்தேன்.

“வாயால சொல்ல வேண்டாம்யா. இதுல எது நீ? தொட்டுக் காட்டு, போதும்.”

“ஆளுக வந்துருவாக. அழிச்சிருங்க” என்றான், சுவரைப் பார்க்காமலே.

அதற்கு மேல் என்னிடம் எந்த உபாயமும் இல்லை மச்சான். படிப்பு தீர்ந்துபோனது, அதட்டல் தீர்ந்துபோனது. அழுதால் மசிவான் என்றால் அழுதிருப்பேன். எனக்கு அது வராது என்பது அவனுக்குத் தெரியும். தரையில், காய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்து, என்னைப் பற்றி அவனிடம் ஒன்று சொன்னேன். என் உடம்பைப் பற்றி. இரண்டே வாக்கியம். யாரிடமும் சொல்லாதது.

அவன் என்னைப் பார்க்கவில்லை. உலையில் ஈர விறகு ஒன்று சீறிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டு எழுந்து சுவரிடம் போனான். நான்காவது படத்தில் விரலை வைத்தான். பிறகு விரலை எடுத்து, அதற்கும் கீழே, நான் ஒன்றும் வரையாமல் விட்டிருந்த வெற்றுச் சுவரில் வைத்தான்.

“சில நாள் இது கூட இல்லம்மா.”

அன்றைக்கே இறங்கினோம். தேனியில் டியூப் போட்டார்கள். பை நிறைந்தது, மாற்றினார்கள், அதுவும் நிறைந்தது. ஒரு மனிதன் தன் வயிற்றுக்குள் இவ்வளவையும் சுமந்துகொண்டா மலையில் ஏறி இறங்கினான் என்று நர்ஸுப் பெண் வாய்விட்டே கேட்டுவிட்டாள். மல்லிகா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வம் அப்படியே தூங்கிப்போனான். எத்தனை மாதத்துக்குப் பிறகு அப்படித் தூங்கினானோ!

அதன் பிறகுதான் இந்த நாற்காலி. நேற்று எடுத்த ரத்தத்திலும் இன்று எடுத்த ரத்தத்திலும் கிரியாட்டினின் ஒரே எண். ஏறவில்லை, இறங்கவும் இல்லை. பெரிய டாக்டர் என்னைத் தேற்ற வேண்டும் என்று நினைக்கிறார். “ரொம்ப நாள் தேங்கிப்போச்சும்மா. சில பேருக்குத் திரும்பும். பாப்போம்” என்கிறார். பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அழிந்த சிறுநீரக நுண்குழல் மறுபடி முளைக்காது என்று வருடா வருடம் பிள்ளைகளுக்கு நான்தானே எழுதிப்போட்டேன்? அந்த ஒரு வரியை மட்டும் மறந்துபோனால் தேவலை என்றிருக்கிறது.

மல்லிகா சற்று முன் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அத்தை, நான் என்ன கேக்காம விட்டேன்?” என்றாள். நீ எதையும் கேட்காமல் விடவில்லை என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதே கேள்வியை நான் யாரிடம் கேட்டேன்?

மச்சான், எனக்குப் பேரம் பேச ஒரு சாமி கிடையாது. இந்த வயதில் புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொள்ள வெட்கமாகவும் இருக்கிறது. அதனால் உங்களிடம் வந்து நிற்கிறேன். நீங்கள் இல்லை என்று முதல் வரியில் எழுதியவள், இப்போது கெஞ்சுகிறேன். அவனை விட்டுவிடுங்கள். உங்கள் நிலத்தையும் ஸ்டோரையும் அவன் வைத்துக்கொண்டது போதும், உங்கள் சாவையும் அவனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு சிறுநீரகம், அதில் பாதி, பிழைத்துக் கிடக்க அது போதும். கேட்கிறதா?

நாளைக் காலை மறுபடி ரத்தம் எடுப்பார்கள். எண் எப்படி வந்தாலும் நான் ஒன்று செய்யப் போகிறேன், உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த எடுப்புக்கு நான் மலைக்குப் போவேன். நம் ஸ்டோரில் ஆரம்பித்து, கருப்பையாவின் ஜீப்பு போகிற வழியெல்லாம், உலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு ஆணிடமும் கேட்பேன். என்னைப் பற்றியதை முதலில் சொல்லிவிட்டுக் கேட்பேன். இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுப்பதும் அதற்காகத்தான், ஊர் படிக்கட்டும்.

செல்வத்திடம் நான் சொன்னதை முதலில் கேட்டிருக்க வேண்டியவர் நீங்கள். அவன் பிறந்த நாளிலிருந்து என்னால் சிறுநீரை அடக்க முடிந்ததில்லை. இருமினால், தும்மினால், வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறினால், சேலை நனைந்துவிடும்.

மேட்டுக்குப் போகிற பாதையில் எத்தனை வளைவு, எத்தனை குழி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எம்.எஸ்ஸி. படித்தவளுக்கு ஏலத்தோட்டம் இளக்காரம், அதனால்தான் பிள்ளை பிறந்த பிறகு ஒரு தடவை கூட மேலே வரவில்லை என்று உங்கள் அக்காவிடம் நீங்கள் சொன்னதை அடுப்படியிலிருந்து நான் கேட்டேன். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நனைந்த சேலைக்காரி என்பதைவிடத் திமிர் பிடித்தவள் என்ற பெயர் எனக்குச் சுலபமாக இருந்தது. நீங்கள் அதை நம்பியே போய்ச் சேர்ந்தீர்கள்.

வியாழக்கிழமை கருப்பையாவிடம் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினான். ஒன்றும் கேட்காமல் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவ்வளவுதான் மச்சான், வேறு எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை. ஒவ்வொரு எடுப்புக்கும் உங்களோடு வர எனக்கு ஆசையாக இருந்தது. அந்த மலையை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

உங்கள் மாமன் மகள், செல்வத்தைப் பெற்றவள்,
ராஜலட்சுமி